த்ரில்லர் நாவல்களில் முஸ்லிம்கள்: வாசகருக்கு ஓர் அறிமுகம்

எதிரி இல்லாமல் த்ரில்லர் இல்லை. துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்பதைக் கடைசி அத்தியாயம் வரை ஒளித்து வைப்பார்கள். த்ரில்லரிலோ எதிரி யார், அவனுடைய திட்டம் என்ன என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், நாயகன் அவனை உரிய நேரத்தில் தடுப்பானா என்ற தவிப்புதான் நம்மை நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்க வைக்கும். அந்தத் தவிப்பு உண்டாக வேண்டுமானால் எதிரியைக் கண்டதும் வாசகருக்கு அச்சம் பிறக்க வேண்டும். அதுவும் பக்கக்கணக்கில் விளக்கிக்கொண்டிராமல் சட்டென்று பிறக்க வேண்டும். அதனால் எழுத்தாளர்கள் தம் நாட்டில் ஏற்கெனவே உலவிக்கொண்டிருக்கும் ஓர் அச்சத்தைக் கடன் வாங்குகிறார்கள். 1913-இல் ஸாக்ஸ் ரோமர் ஃபூ மாஞ்சு என்ற சீன வில்லனை லண்டனில் இறக்கினார். உலகப் போர்களின்போது ஜெர்மானியர்கள் வந்தார்கள், பனிப்போர்க் காலத்தில் சோவியத் உளவாளிகள் வந்தார்கள். 1970-களிலிருந்து அந்த இடத்துக்கு அரபியர்களும், பின்னர் பொதுவாக முஸ்லிம்களும் வந்து சேர்ந்தார்கள்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்டு உலகெங்கும் விற்று, நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளிலும் வாடகை நூலகங்களிலும் அட்டை கிழிந்த நிலையில் கைமாறிக்கொண்டிருக்கும் நாவல்களைப் பற்றியே இங்கு பேசுகிறேன். அவற்றில் முஸ்லிம் பாத்திரங்கள் எப்படிப் படைக்கப்படுகின்றன என்ற பேச்சை எடுத்தாலே, “வில்லன் முஸ்லிமாக இருக்கவே கூடாதா?” என்ற கேள்வி உடனே எழும். தாராளமாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது வேறு. இந்த மனிதன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று நாவலைக் கேட்டால், அது என்ன பதில் தருகிறது? பணத்தாசை, பழிவாங்கல், இழந்த நிலம், ஒரு தலைவன் மீதான பக்தி, அவமானம் என்று மனிதர்களுக்குரிய காரணம் ஏதேனும் கிடைக்கிறதா, அல்லது அவனுடைய மதமே காரணத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மேற்கொண்டு கேட்க வேண்டாம் என்று வாசலை மூடிவிடுகிறதா? இரண்டாவது வகையைத்தான் வார்ப்புருச் சித்திரிப்பு என்கிறோம். ஒரே அச்சில் வார்த்தெடுத்த பாத்திரத்துக்குப் பெயரை மாற்றினாலும் நாட்டை மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறுவதில்லை.

இந்த அச்சின் பழைய, தெளிவான மாதிரி ஒன்றை 1916-இல் வெளியான ஜான் பக்கனின் ‘கிரீன்மேண்டில்’ நாவலில் காணலாம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. துருக்கியின் உஸ்மானியப் பேரரசு ஜெர்மனியின் பக்கம் நிற்கிறது. முஸ்லிம் உலகம் முழுவதையும் பிரிட்டனுக்கு எதிராகக் கிளர்ந்தெழச் செய்ய ஒரு புனிதத் தலைவரை முன்னிறுத்த ஜெர்மானியர் திட்டமிடுகிறார்கள்; அதை முறியடிக்க ரிச்சர்ட் ஹான்னே என்ற அதிகாரி அனுப்பப்படுகிறான். அவனை அனுப்பும் மேலதிகாரி, கிழக்கில் வறண்ட காற்று வீசுகிறது என்றும், காய்ந்த புல் ஒரு பொறிக்காகக் காத்துக்கிடக்கிறது என்றும் சொல்வார். வாசிக்கும்போது முதுகுத்தண்டு சிலிர்க்கும் வரிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உவமையில் முஸ்லிம்கள் யார் என்று பாருங்கள். அவர்கள் புல். புல்லுக்குக் கருத்து கிடையாது, கணக்கு கிடையாது, தங்களுக்குள் சண்டை கிடையாது; நெருப்பு வைத்தால் எரியும், அவ்வளவுதான். சூழ்ச்சி செய்யும் மூளையாகக்கூட நாவல் ஒரு ஜெர்மானியப் பெண்ணைத்தான் வைக்கிறது.

உண்மையில் நடந்ததோ வேறு. 1914 நவம்பரில் இஸ்தான்புல்லில் ஜிஹாத் அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனாலும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் முஸ்லிம் சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் கடைசி வரை பிரிட்டனுக்காகவே போரிட்டார்கள். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஒரு ரெஜிமெண்ட் கலகம் செய்தது உண்டு, அதற்கும் பல காரணங்கள் இருந்தன. அதைவிட முக்கியம், நாவல் அச்சேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1916 ஜூனில், மக்காவின் புனிதத் தலங்களுக்குக் காவலராக இருந்த ஷரீஃப் ஹுசைனே பிரிட்டனோடு கைகோத்துக்கொண்டு உஸ்மானிய கலீஃபாவுக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தொடங்கிவிட்டார். ஒரே மதத்தவர், ஒரே காலம், எதிரெதிர் அணிகள். அரியணை, ஆட்சி எல்லை, ஆங்கிலேயர் தந்த வாக்குறுதி, இனப்பற்று என்று ஷரீஃபுக்கு ஆயிரம் கணக்கு இருந்தது. நாவலின் உலகில் இத்தகைய முஸ்லிமுக்கு இடமே இல்லை. போரின்போது பக்கன் பிரிட்டிஷ் அரசின் பிரச்சாரப் பணியிலும் இருந்தவர் என்பதையும் நினைவில் கொண்டால், இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு விளங்கும். நாவல் வந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, 2005 ஜூலையில் லண்டனில் குண்டுகள் வெடித்தபோது, இதே கதையின் வானொலி நாடகத்தை ஒலிபரப்பாமல் பிபிசி தள்ளிவைத்தது; பழைய அச்சு அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் சூடாறாமல் இருந்திருக்கிறது.

கிழக்கை மாறாத, பகுத்தறிவுக்குக் கட்டுப்படாத, உணர்ச்சிவசப்பட்ட ஒரே திரளாக எழுதி, அதற்கு நேரெதிராகத் தன்னை வரையறுத்துக்கொள்ளும் மேற்கத்திய எழுத்து மரபைப் பாலஸ்தீனத்தில் பிறந்த அறிஞர் எட்வர்ட் சையித் 1978-இல் கீழைத்தேயவாதம் என்று விளக்கினார். அவருடைய நூல் கடினமானது. த்ரில்லர் வாசகர் அதைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. காய்ந்த புல் என்ற அந்த ஓர் உவமையை மனத்தில் இருத்திக்கொண்டாலே பாதி விளங்கிவிடும்.

அடுத்த பெரிய அலை 1970-களில் எழுந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கறுப்பு செப்டம்பர் என்ற பாலஸ்தீன அமைப்பின் தாக்குதலில் இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் உயிரிழந்தார்கள். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைத் தடுத்ததும் அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. 1975-இல் தாமஸ் ஹாரிஸ் எழுதிய ‘பிளாக் சண்டே’ இந்தச் சூழலின் குழந்தை. அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின்மீது வெடிகுண்டைச் சுமந்த ஆகாயக் கப்பலைச் செலுத்துவது சதி. அதில் ஈடுபடும் இருவரில் மைக்கேல் லாண்டர் அமெரிக்கன், வியட்நாம் போரில் சிறைப்பட்டுத் திரும்பியவன். டாலியா, கறுப்பு செப்டம்பரைச் சேர்ந்த அரபுப் பெண். லாண்டரின் சிறுவயது, அவன் பட்ட அவமானம், உடைந்த திருமணம் எல்லாவற்றுக்குள்ளும் ஹாரிஸ் நம்மை அழைத்துச் செல்கிறார், ஆகவே அவன் கொடியவன் என்று தெரிந்தும் அவனைப் புரிந்துகொள்கிறோம். டாலியாவுக்கு அந்த அளவு இடம் கிடைப்பதில்லை. ஒரே குற்றத்தில் இறங்கிய இருவரில் ஒருவனுக்கு மனமும் மற்றவளுக்கு அமைப்பும் மட்டும் வாய்ப்பதைக் கவனித்துப் பழகிவிட்டால், அந்தப் பழக்கம் வேறு எந்த நாவலை எடுத்தாலும் உதவும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1968 முதல் 1970 வரை விமானக் கடத்தல்களால் உலகையே அதிர வைத்த பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியின் தலைவர் ஜார்ஜ் ஹபாஷ் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்; மருத்துவர், மார்க்சியர். அந்த ஆண்டுகளின் பாலஸ்தீன ஆயுதப் போராட்டம் பெரிதும் நிலத்தையும் தேசத்தையும் பற்றியதாக இருந்தது. ஆனால் வெகுமக்கள் நாவலின் வழியே அது வாசகர் மனத்தில் படிந்தபோது அரபியர், முஸ்லிம், பயங்கரவாதி என்ற மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உலக முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் அரபியர் அல்லர் என்பதும், ஈரானியர் அரபியர் அல்லர் என்பதும், லட்சக்கணக்கான அரபியர் கிறிஸ்தவர்கள் என்பதும் இந்த ஒட்டலில் காணாமல் போயின.

இத்தனைக்கும் இதே காலத்தில் வேறொரு வகை முஸ்லிமும் த்ரில்லருக்குள் வந்தான், கதாநாயகனுக்குத் தோழனாக. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும், மேற்கத்திய நாவல்களிலும் படங்களிலும் முஜாஹிதீன்கள் மலைவாழ் வீரர்களாக, சொன்ன சொல் தவறாதவர்களாக, தாயகம் காப்பவர்களாக உலவத் தொடங்கினார்கள். கென் ஃபாலெட் 1985-இல் வெளியிட்ட ‘லை டவுன் வித் லயன்ஸ்’ நாவலில் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கின் கிளர்ச்சியாளர்கள் வாசகரின் பரிவுக்குரியவர்கள். தளபதி மசூத்கூட ஒரு பாத்திரமாக வருகிறார். அந்த வீரர்கள் வைத்திருந்ததும் தாடிதான், தொழுததும் ஐவேளைதான், அவர்களும் தங்கள் போரை ஜிஹாத் என்றே அழைத்தார்கள். ஆனால் அன்று அவர்களுடைய துப்பாக்கி மாஸ்கோவை நோக்கியிருந்தது. அடையாளங்கள் எதுவும் மாறாமலே தாடி வீரத்தின் சின்னமாக இருந்த காலம் போய் அச்சத்தின் சின்னமான காலம் வந்ததைப் பார்க்கும்போது, இந்த நாவல்கள் மதத்தைப் பற்றிச் சொல்வதைவிட வாஷிங்டனும் லண்டனும் அந்தந்த ஆண்டு யாரோடு கூட்டணி வைத்திருந்தன என்பதைத்தான் அதிகமாகச் சொல்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தது. அதே ஆண்டில் வந்த டாம் கிளான்சியின் ‘தி சம் ஆஃப் ஆல் ஃபியர்ஸ்’ நாவலில், 1973 போரின்போது தொலைந்துபோன ஓர் இஸ்ரேலிய அணுகுண்டு பாலஸ்தீனத் தீவிரவாதிகளின் கையில் சிக்கி, அமெரிக்க நகரம் ஒன்றில் வெடிக்கிறது. இதை முஸ்லிம் வெறுப்பு நாவல் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது. சதிகாரர்களோடு ஒரு ஜெர்மானிய இடதுசாரியும், அணு விஞ்ஞானியும், அமெரிக்கப் பூர்வகுடி ஒருவனும் இருக்கிறார்கள். நாயகன் ஜாக் ரையனுக்கு நண்பனாக ஒரு சவூதி இளவரசன் வருகிறான். கதையின் உச்சத்தில், ஆத்திரத்தில் நிதானமிழந்த அமெரிக்க அதிபர் ஈரானின் கோம் நகரத்தின்மீது அணு ஏவுகணையை ஏவ முனைய, அதற்கு ஒப்புதல் தர மறுத்து அந்த நகரத்து மக்களைக் காப்பதும் ரையன்தான். ஆனால் காப்பாற்றப்படும் கோம் நகரத்து மனிதர் ஒருவரையாவது நாம் சந்திக்கிறோமா? இல்லை. அவர்கள் எண்ணிக்கையாகவே இருந்துவிடுகிறார்கள். 2002-இல் திரைப்படமாக வந்தபோது வில்லன்கள் ஐரோப்பிய நாஜி ஆதரவாளர்களாக மாற்றப்பட்டார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அஞ்சி மாற்றினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். படப்பிடிப்பே அந்தத் தாக்குதலுக்கு முன்பு முடிந்துவிட்டது. அமெரிக்க முஸ்லிம் அமைப்புகள் அதற்கும் முன்பே தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்திருந்தன.

2001-க்குப் பின் வந்த வெள்ளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வின்ஸ் ஃபிளின்னின் மிட்ச் ராப், டேனியல் சில்வாவின் கேப்ரியல் ஆலன் போன்ற தொடர் நாயகர்கள் தாக்குதலுக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்றாலும், அதன் பிறகு இத்தகைய தொடர்களுக்கு வாசகர் கூட்டம் பெருகியது. அவற்றுள் தரத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. சில்வாவின் மொழி நயம் ஃபிளின்னிடம் கிடையாது. ஆனால் நூல்கள் மாறினாலும் திரும்பத் திரும்ப வரும் சில காட்சிகள் மாறுவதில்லை. அவற்றில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். எந்த நூலிலிருந்தும் எடுக்காமல், அந்தப் பாணியில் நானே எழுதிக் காட்டுகிறேன்.

“அதிகாலை நாலரை மணி. யூசுஃப் குழாயைத் திறந்தான். மணிக்கட்டு வரை கைகளை மூன்று முறை கழுவினான். முகம், முழங்கை, கடைசியாகப் பாதம். மக்காவின் திசை நோக்கி விரிப்பை விரித்தான். நெற்றி தரையைத் தொட்டபோது அவன் மூச்சு சீராக இருந்தது. எழுந்து விரிப்பைச் சுருட்டி வைத்தான். பின்பு கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பையை இழுத்தான்.”

இதில் குற்றத்தோடு தொடர்புள்ளது கடைசி வாக்கியம் மட்டுமே. மற்றவை உலகின் கோடிக்கணக்கான வீடுகளில் ஒவ்வொரு விடியலிலும் நடப்பவை. மேலப்பாளையத்திலோ ஆம்பூரிலோ காயல்பட்டினத்திலோ வளர்ந்தவருக்கு ஒளூவும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகையும் பால் வாங்கப் போவதைப் போலப் பழகிய காலைக் காட்சிகள். நாவலிலோ அவை அச்சத்தை ஏற்றும் படிக்கட்டுகளாகின்றன. இப்படிப்பட்ட நாவல்கள் நாலைந்து படித்த வாசகருக்கு, பை வரும் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. குழாயைத் திறந்ததுமே இதயம் அடித்துக்கொள்ளும். எழுத்தாளர் சொல்லாமலே வாசகர் சந்தேகிக்கிறார், அதுதான் இந்த உத்தியின் வெற்றி. யூசுஃபின் கையில் ஏன் அந்தப் பை வந்தது, யார் கொடுத்தார்கள், அவன் வாழ்க்கையில் என்ன நேர்ந்தது என்ற கேள்விகள் எழும் முன்பே தொழுகை விரிப்பு பதிலைச் சொல்லிவிட்டது.

இதையே இத்தாலிய மாஃபியாக் கதைகளோடு வைத்துப் பாருங்கள். அங்கேயும் கொலைகாரன் தேவாலயத்தில் முழந்தாளிடுகிறான், சிலுவைக் குறியிட்டுக்கொள்கிறான், பிறகு வெளியே போய்க் கொல்கிறான். ஆனால் அதை வாசிக்கும் நாம், “பக்தி இவனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டது” என்று எண்ணுவதில்லை. “இத்தனை பக்தியுள்ளவன் இப்படியும் செய்கிறானே” என்றுதான் எண்ணுகிறோம். அங்கே மதமும் குற்றமும் முரண்படுகின்றன, அந்த முரணே பாத்திரத்துக்கு ஆழம் தருகிறது. யூசுஃபின் காட்சியில் மதமும் குற்றமும் ஒரே நேர்கோட்டில் ஓடுகின்றன. இரண்டும் வழிபாட்டுக் காட்சிகள்தாம். வாசகரை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் மட்டும்தான் எழுத்தாளரின் கை தெரிகிறது.

‘அல்லாஹு அக்பர்’ என்ற முழக்கத்துக்கும் இதே கதி. த்ரில்லரில் அது வெடிப்புக்கு முந்தைய நொடியில் மட்டுமே ஒலிக்கும். நடைமுறையில், கடமையான ஐந்து வேளைத் தொழுகைகளை நிறைவேற்றும் ஒருவர், குனியும்போதும் சிரவணக்கத்துக்குச் செல்லும்போதும் அதிலிருந்து எழும்போதும் என்று ஒரே நாளில் 94 முறை அதைச் சொல்கிறார். பிறந்த குழந்தையின் காதில் ஓதப்படும் பாங்கிலும் அதுவே முதல் சொற்றொடர். பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் தமிழ் வாசகர் எந்த மதத்தினரானாலும், தினமும் கேட்டு நேரம் பார்த்துக்கொள்ளும் ஒலி அது. அப்படிப்பட்டவரையும் ஒரு நல்ல த்ரில்லர் அரை மணி நேரத்துக்கு அந்த ஒலியைக் கண்டு அஞ்ச வைத்துவிடும் என்பது எழுத்தின் ஆற்றலுக்குச் சான்று, அதே அளவுக்குக் கவலைக்கும் உரியது.

மதத்தின் பெயரால் கொலை செய்யும் குழுக்கள் உண்மையிலேயே இருக்கும்போது, அவற்றைப் பற்றி எழுதுவது எப்படித் தவறாகும் என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. 2001 செப்டம்பரும் 2008 மும்பையும் கற்பனைகள் அல்ல. நாவலாசிரியர் இவற்றிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. என் குறை, அவர்கள் நடப்பதைப் பாதி மட்டுமே எழுதுகிறார்கள் என்பதுதான். மேற்கத்திய த்ரில்லரில் ஆபத்துக்குள்ளாகும் நகரம் பெரும்பாலும் நியூயார்க், லண்டன் அல்லது வாஷிங்டன். ஆனால் இத்தகைய குழுக்களின் குண்டுகள் ஆண்டுக்கணக்கில் அதிகமாக வெடித்த இடங்கள் பாக்தாதின் சந்தைகளும் காபூலின் வீதிகளும் பாகிஸ்தானின் பள்ளிவாசல்களும். 2014 டிசம்பரில் பெஷாவர் இராணுவப் பள்ளியில் தாலிபான்கள் கொன்ற மாணவர்கள் மட்டும் 130-க்கும் மேல். இறந்தவர்களும் தொழுதவர்கள்தாம் என்றால், தொழுகையைக் கொலைக்குக் காரணமாகக் காட்டும் அச்சு அங்கேயே உடைந்துபோகிறது; அதனால்தானோ என்னவோ, அந்த இறப்புகள் நாவல்களுக்குள் அவ்வளவாக வருவதில்லை.

மும்பைத் தாக்குதலின் பின்கதை இதைவிடக் கூர்மையானது. கொல்லப்பட்ட ஒன்பது தாக்குதல்காரர்களின் உடல்களைத் தங்கள் கபரஸ்தானில் (இடுகாட்டில்) அடக்கம் செய்ய அந்த நகரத்து முஸ்லிம் அறக்கட்டளை மறுத்துவிட்டது. அப்பாவிகளைக் கொன்றவர்களுக்குத் தங்கள் மண்ணில் இடமில்லை என்பது அதன் நிலைப்பாடு. உடல்கள் ஓராண்டுக்கும் மேலாக மருத்துவமனைச் சவக்கிடங்கிலேயே கிடந்து, 2010-இல் அரசால் இரகசியமாகப் புதைக்கப்பட்டன. இறந்தவரை விரைந்து அடக்கம் செய்வதைக் கடமையாகக் கருதும் சமூகம் எடுத்த முடிவு இது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த அறக்கட்டளையின் கூட்டம் நடந்த அறையில் என்னென்ன பேசியிருப்பார்கள், யார் தயங்கியிருப்பார், யார் மேசையைத் தட்டியிருப்பார்? ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் ஒரே அச்சில் வார்த்த முஸ்லிம்களை வைத்துக்கொண்டு அந்தக் காட்சியை எழுத முடியாது, ஏனெனில் அங்கே வாதாடுபவர்கள் இரண்டு பக்கமும் முஸ்லிம்கள்.

வில்லனல்லாத முஸ்லிமுக்கு இந்நாவல்களில் வழக்கமாக ஒதுக்கப்படும் வேலையையும் பார்த்துவிடலாம். அவன் தகவல் கொடுப்பவன், மொழிபெயர்ப்பாளன், வண்டியோட்டி. நாயகனுக்காக உயிரைக் கொடுப்பான். கடைசி அத்தியாயம் வரை பிழைத்திருந்தால் வாசகருக்கே வியப்பாக இருக்கும். அவன் நல்லவன் என்பதற்கு அடையாளம் நாயகனின் பக்கம் நிற்பதுதான், தனக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதன்று. இதோடு நெருங்கிய இன்னொரு வழக்கம் மாறுவேடம். 1916-இல் பக்கனின் சாண்டி கிழக்கத்தியனாக வேடமிட்டு அந்தப் புனிதத் தலைவரின் இடத்தையே எடுத்துக்கொள்கிறான். 90 ஆண்டுகள் கழித்து, 2006-இல் ஃபிரெடரிக் ஃபோர்சைத் எழுதிய ‘தி ஆஃப்கன்’ நாவலில், பாக்தாதில் வளர்ந்த, இந்தியப் பாட்டியின் நிறம் வாய்த்த பிரிட்டிஷ் அதிகாரி மைக் மார்ட்டின், குவாண்டனாமோ சிறையில் இருக்கும் தாலிபான் தளபதி இஸ்மத் கானாக வேடமிட்டு அல் காயிதாவுக்குள் நுழைகிறான். ஃபோர்சைத் செய்திகளைத் திரட்டுவதில் மன்னர்; இஸ்மத் கானின் முன்கதையை அவர் மற்றவர்களைவிடப் பொறுமையாகவே எழுதியிருக்கிறார். சோவியத் போரில் அவனும் மார்ட்டினும் தோழர்கள் என்பதுகூட அதில் உண்டு. ஆனாலும் தொழுகையைப் பிசகின்றிச் செய்யப் பழகி, அரபு மொழியைச் சரளமாகப் பேசினால் ஒரு முஸ்லிமாகவே ஆகிவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே அடியோட்டமாக ஓடுகிறது. உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்று நம்பினால் அவனைப் போல நடிப்பது அவ்வளவு எளிதாகத் தோன்றாது.

இனி அச்சை உடைத்தவர்கள். இவர்களில் என் மதிப்பில் முதலிடம் அல்ஜீரிய எழுத்தாளர் யாஸ்மினா காத்ராவுக்கு. அது பெண்ணின் பெயர் என்றாலும் எழுதியவர் முகம்மது மூலசெஹூல் என்ற இராணுவ அதிகாரி. இராணுவத் தணிக்கைக்கு அகப்படாமலிருக்க மனைவியின் பெயர்களில் எழுதி, 2001-இல் தன்னை வெளிப்படுத்திக்கொண்டார். 1990-களின் அல்ஜீரிய உள்நாட்டுப் போரில் தீவிரவாதிகளுக்கு எதிராகக் களத்தில் நின்றவர் அவர். அவருடைய காவல் அதிகாரி லோப் வரும் நாவல்களில் மதத்தின் பெயரால் கழுத்தறுப்பவர்கள் உண்டு. சொல்லப்போனால் மேற்கத்திய த்ரில்லர்களில் வருபவர்களைவிடக் கொடியவர்கள். ஆனால் அவர்களைத் துரத்துபவன் முஸ்லிம், கொல்லப்படுபவர்கள் முஸ்லிம்கள், அந்தப் போரை வைத்துக் கொள்ளையடிக்கும் பணக்காரர்களும் ஊழல் அதிகாரிகளும் முஸ்லிம்கள். எல்லோருமே முஸ்லிம்களாக இருக்கும்போது மதம் எதையும் விளக்கிவிடாது. அதனால் எழுத்தாளர் உண்மையான காரணங்களைத் தேடிப் போயாக வேண்டியிருக்கிறது: வேலையின்மை, பழைய அநீதிகள், அதிகாரப் பசி, சில வேளைகளில் வெறும் குரூரம்.

ஜான் லெ காரே வெளியிலிருந்து எழுதியும் இதைச் சாதித்திருக்கிறார். 1983-இல் வந்த ‘தி லிட்டில் டிரம்மர் கேர்ள்’ நாவலில், பாலஸ்தீன வெடிகுண்டு நிபுணன் ஒருவனைப் பிடிக்க இஸ்ரேலிய உளவாளிகள் ஓர் ஆங்கில நடிகையைப் பயிற்றுவித்து அனுப்புகிறார்கள். போன இடத்தில் அகதி முகாம்களைக் காணும் அவளுக்கு எந்தப் பக்கம் நியாயம் என்று குழம்பிவிடுகிறது, அந்தக் குழப்பத்தை ஆசிரியர் கடைசி வரை தீர்த்து வைப்பதில்லை. 2008-இல் வந்த ‘எ மோஸ்ட் வாண்டட் மேன்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஹாம்பர்க் நகரத்துக்குள் கள்ளத்தனமாக வந்து சேரும் இஸ்ஸா என்ற மெலிந்த இளைஞன் ஆபத்தானவனா, அடைக்கலம் தேடி வந்த அப்பாவியா என்பதை உளவுத்துறைகளைப் போலவே நாமும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவன் தொழுகிறான், அந்தத் தொழுகையைப் பார்த்து நாம் என்ன நினைத்தோம் என்பதே நம்மைப் பற்றிய தகவலாகிவிடுகிறது. முடிவைச் சொல்லிக் கெடுக்கப்போவதில்லை. கனடிய எழுத்தாளர் அவுஸ்மா ஸெஹானத் கான் 2015-இல் தொடங்கிய துப்பறியும் வரிசையில் ஈஸா கட்டாக் என்ற முஸ்லிமே காவல் அதிகாரி. முதல் நாவலின் வழக்கு, 1995-இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்ட வரலாற்றை நோக்கி நீள்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னோடியாக நம் துணைக்கண்டத்திலேயே ஒருவர் இருந்திருக்கிறார். இப்னே சஃபி என்ற புனைபெயரில் எழுதிய அஸ்ரார் அகமது, 1952-இல் அலகாபாத்தில் ‘ஜாசூஸி துனியா’ வரிசையைத் தொடங்கினார்; அவ்வாண்டே பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்து, எல்லையின் இரு பக்க வாசகர்களுக்கும் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கர்னல் ஃபரீதியும் காப்டன் ஹமீதும் முஸ்லிம்கள் என்பது கதையில் ஒரு செய்தியே அல்ல. ஃபரீதி கண்டிப்பானவர், ஹமீது குறும்பன், இருவரும் ஓயாமல் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். குற்றவாளிகளிலும் எல்லா வகையினரும் உண்டு. விலை மலிவான தாளில் அச்சான, இரயில் பயணத்துக்கென்று வாங்கப்பட்ட வெகுமக்கள் நாவல்கள்தாம் இவை, இலக்கியப் பரிசுக்கு எழுதப்பட்டவையல்ல. விறுவிறுப்புக்காகப் பாத்திரங்களைத் தட்டையாக்குவது தவிர்க்க முடியாதது என்று வாதிடுவோருக்கு நான் இவற்றைத்தான் காட்டுவேன். உருது அறிஞர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி அந்த வரிசையின் நான்கு நாவல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2011-இல் அவற்றை வெளியிட்டது. ‘கிரீன்மேண்டில்’ வாசித்துவிட்டு அடுத்து எதை எடுப்பது என்று கேட்பவர்கள் அந்த நான்கில் ஒன்றை எடுக்கலாம். ஒரே நாளில் முடித்துவிடும் அளவுக்குச் சிறியவைதாம்.